ஃபுமானே பயணத்தை வகுத்தவர் யார்

வெரோனாவிலிருந்து திராட்சை மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமானால் புதன்கிழமைதான் தோது. திங்களன்று பாதி இடம் பூட்டிக் கிடக்கும். சனி, ஞாயிறு என்றால் மிலான் நகரமே காரில் ஏறி வந்து நம் மடியில் உட்காரும். புதன்கிழமை காலை எட்டுப் பத்துக்குப் பேருந்து கிளம்பினால், மலை ஏறும்போது வெயில் இடது பக்கம் விழும். மூட்டுவலிக்காரர்களை இடது பக்கம் உட்கார வைத்துவிடலாம். பேனாவைக் கீழே வைக்காதீர்கள் ஐயா. இதெல்லாம் வழக்குக்கு வேண்டியதுதான்.

என் பெயர் ஒட்டோரினோ ஃபாச்சின்கானி. வயது எழுபத்து நான்கு. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் கால அட்டவணை போட்டேன். நான் போட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் வட இத்தாலியில் சேவல்கள் கூவின என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்ப வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பேட்டை ஓய்வூதியர் மன்றத்தின் இலையுதிர்காலப் பயணத்தைத் தொடர்ந்து பத்தொன்பது வருடம் நானே வகுத்தேன். திராட்சை மது செய்யும் மதுக்கூடம் மூன்று, ஒரு சாப்பாடு. நான்காவது மதுக்கூடம் கிடையாது. லேசான மது முதலில், கனமானது பின்னால், இனிப்பு மது கடைசியில். இந்த வரிசையை மாற்றுகிறவர் எதையும் மாற்றுவார்.

சில்வானோ மாற்றினார்.

அவர் இரண்டு வருடம் முன்பு மிலானிலிருந்து வந்தவர். காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தாராம். வந்த முதல் நாளே என்னிடம் கைகுலுக்கி, "நீங்கதான் அந்த டூர் பார்ட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. மன்றத்தில் சீட்டாடும்போது மேசைக்கு அடியில் போனை வைத்து ஏதோ தட்டுவார். நான் எட்டிப் பார்த்தால் கவிழ்த்துவிடுவார். ஒருநாள் அவர் காபி வாங்க எழுந்தபோது திருப்பிப் பார்த்தேன். நான் ஆட்களைக் கூட்டிப்போகும் திராட்சை மலையில் உள்ள ஃபுமானே ஊரின் வரைபடம்.

செப்டம்பர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பதினான்குக்கு ஒன்பது. பயணம் அவர் கைக்குப் போயிற்று. நிவேஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பத்தொன்பது வருடமும் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் அவள்.

"கோச்சுக்காதீங்க ஒட்டோரினோ. நீங்க விசில் ஊதி ஊதி எங்களுக்குக் காதே போச்சு. ஒரு தடவை நிம்மதியா குடிச்சிட்டு வரோமே."

"தாராளமா போயிட்டு வாங்கம்மா," என்றேன்.

நான் கோபப்படவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். சில்வானோ திட்டத்தைச் சுவரில் ஒட்டினார். காலை பத்து மணிக்கு இனிப்பு மது, நாக்கு செத்த பிறகு மூன்று கூடங்கள், சாப்பாடு மூன்றரைக்கு. எழுபது தாண்டிய இருபத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. நான் அன்று மாலையே பொறுமையாக உட்கார்ந்து ஒரு முழுத் திட்டம் எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். மறுநாள் நான் எழுதிய திட்டமே சுவரில் இருந்தது, அழகாகத் தட்டச்சு செய்து, கீழே அவர் பெயரோடு. என் கணக்கும் அதுதான். உழைக்காமல் கிடைத்ததை அவர் ஒருபோதும் வேண்டாம் என்றதில்லை.

அந்தத் திட்டத்தில் பதினொன்று இருபதுக்கு ஜெல்மினா அம்மாளின் பழைய கூடம். அக்டோபர் முதல் வாரம். அதுவரை எந்த வருடமும் நான் ஆட்களை அந்த வாரத்தில் அங்கே கூட்டிப்போனதில்லை. பறித்த திராட்சைச் சாறு நிலவறைத் தொட்டிகளில் பொங்கிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. பொங்கும் சாறு கரியமில வாயுவை விடும். அது கனமானது. தண்ணீர் மாதிரிக் கீழ்ப்படிகளில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த மலையில் யாரும் மெழுகுவர்த்தி இல்லாமல் நிலவறையில் இறங்கமாட்டார்கள். முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். சுடர் அணைந்தால் திரும்பி மேலே ஓடுவார்கள். என் அப்பா அங்கே தொட்டியில் திராட்சை மிதித்தவர். நடக்கப் பழகும் முன்பே எனக்குச் சுடரைப் பார்க்கப் பழக்கினார்கள்.

நகரத்துக்காரருக்கு இது தெரியாது. நிலவறை என்றால் இருட்டுதான் ஆபத்து என்று நினைப்பார்கள்.

புதன்கிழமை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஜெல்மினா அம்மாள் முற்றத்தில் மேசை போட்டு இறைச்சி அரிந்துகொண்டிருந்தார். நிலவறைக் கதவு கொட்டகைக்குப் பின்னால். பக்கத்து ஆணியில் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தி விளக்கு தொங்கும். நான் கை கழுவப் போகிற வழியில் அதை எடுத்து விறகுக்குப் பின்னால் வைத்தேன். அந்த ஆணியில் ஒரு டார்ச்சை மாட்டினேன். நல்ல டார்ச். புது பேட்டரி. மோசமான எண்ணம் உள்ளவன் புது பேட்டரி போடுவானா என்று நீங்களே யோசியுங்கள்.

பிறகு எல்லோர் முன்னிலையிலும் அவரை எச்சரித்தேன்.

"சில்வானோ, கீழே பெரிய பீப்பா இருக்கு, நூறு வருஷத்துது. ஆனா நீங்க இறங்க வேண்டாம். பதினாலு படி. உங்க உடம்புக்கு ஆகாது."

"என் உடம்புக்கா?" அவர் கோப்பையை வைத்தார். "நான் வாரத்துக்கு மூணு நாள் நீந்தறவன்யா. நீங்க மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குறது பக்கத்துத் தெருவுக்குக் கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். போட்டோ எடுக்கணும்னு ஆசையா இருந்தாலும் வேண்டாம்."

"தாத்தா பயந்துட்டார்," என்று நிவேஸிடம் கண்ணடித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். கதவில் பூட்டு இல்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

நான் பாதிரியாரின் கழுதைக் கதையை ஆரம்பித்தேன். சாதாரணமாக நான்கு நிமிடக் கதை. அன்று கழுதைக்கு ஒரு தங்கச்சி, தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்கு ஒரு ரயில் பயணம் என்று இழுத்துப் பதினொரு நிமிடம் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் எதிர்மலையில் பழுத்த திராட்சை தானாக உதிர்ந்தது. நடுவில் ஒருமுறை கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. என் பெயர் மாதிரி இருந்தது. ஜெல்மினா அம்மாள் கத்தியை நிறுத்தி, "யாரோ கூப்பிட்டாங்களா?" என்றார்.

"கழுதைதாம்மா," என்றேன். அப்போதுதான் பெரிய சிரிப்பு வந்தது.

தீயணைப்புக்காரர்கள் அவரைத் தூக்கி வந்தபோது டார்ச் இன்னும் கையில் எரிந்துகொண்டிருந்தது. எச்சரிக்கையான மனிதர், விளக்கு எடுத்துத்தான் போயிருக்கிறார் என்று எல்லோரும் வருந்தினார்கள். விபத்து என்று நீங்களே எழுதி வழக்கை மூடினீர்கள். இருபத்திரண்டு பேரும் சாட்சி சொன்னார்கள்: ஒட்டோரினோ வேண்டாம் என்று தடுத்தார், அவர் கேட்கவில்லை. நான் எதையும் மறுக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் நான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் மூன்றாவது முறையாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டேன்.

ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் என்ன போட்டார்கள் தெரியுமா? "மிகக் கச்சிதமாக வகுக்கப்பட்ட இப்பயணத்தின் அமைப்பாளர்" என்று அவர் படத்துக்குக் கீழே. சரி, பத்திரிகைக்காரர்கள் எதையாவது எழுதுவார்கள் என்று ஒரு வாரம் பொறுத்தேன். நேற்று மன்றத்தில் கூட்டம். இனிமேல் ஒவ்வொரு அக்டோபரிலும் அதே வழியில், அதே நேரத்துக்கு, அதே மூன்று கூடங்களுக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். அதற்கு சில்வானோ நினைவுப் பயணம் என்று பெயர் வைத்தார்கள். நிவேஸ் அழுதாள். "இவ்ளோ ஒழுங்கா யாரும் பிளான் பண்ணதில்ல," என்றாள். என் முகத்துக்கு நேராக.

எனக்கு அவர்மேல் பகை எதுவும் இல்லை ஐயா. நான் வந்தது ஒரு தவறைத் திருத்துவதற்கு. எட்டுப் பத்துப் பேருந்து, வெயில் விழுகிற பக்கம், மதுவின் வரிசை, அக்டோபர் முதல் வாரம், விறகுக்குப் பின்னால் விளக்கு, பதினொரு நிமிடக் கழுதை, எல்லாவற்றையும் வகுத்தவன் நான். அப்படியே எழுதுங்கள், என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பயணத்தில் சில்வானோ செய்தது என்று சொன்னால் பதினான்கு படி இறங்கியது மட்டும்தான்.