சம்பந்திக்கு ஒரு போத்தல்

கொலின்ஸ்: அண்ணை, ஹெல்மெட்டோட கடைக்குள்ள நிக்கேலாது. கமரா இருக்கு. கழட்டுங்கோ.

சிங்கராசா: கழட்டுறன்... கழட்டுறன். வெளியில ஆர் நிக்கினம்?

கொலின்ஸ்: ரெண்டு கழுதை.

சிங்கராசா: பகிடி விடாத. கோயில் ஆக்கள் ஆரும்...

கொலின்ஸ்: அட, சிங்கராசா அண்ணையோ! ஒரு வருசத்துக்கு மேல ஆளைக் காணேல்லையே. என்ன, பழையபடி கால்போத்தலோ?

சிங்கராசா: சத்தம் போடாதயடா! சாராயம் இல்ல. வைன். நல்ல வைன் ஒண்டு வேணும்.

கொலின்ஸ்: வைனோ? நீங்களோ?

சிங்கராசா: நாளைக்கு மகள் மதுஷிகாவின்ர கலியாணம் பேசி முற்றாக்க மாப்பிளை வீட்டார் வருகினம். கேக்கும் வைனும் வைக்கோணும். சாராயமெண்டால் இருட்டில தடவியே எடுப்பன். இது எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, கொலின்ஸ்.

கொலின்ஸ்: அதுக்கேன் வாசலையே பாக்கிறியள்?

சிங்கராசா: பாக்கேல்ல. அந்தா, யன்னலடியில கோட்டைப் படம் போட்டது. விலையும் கூட. அது நல்லதாத்தானே இருக்கும்?

கொலின்ஸ்: படத்தையும் விலையையும் பாத்து எடுக்காதேங்கோ. அது முதலாளி அழகுக்கு வைச்சது. மூண்டு மாசமா வெயில்ல நிக்குது. வெயில்ல காயிறது கருவாட்டுக்குத்தான் நல்லது.

சிங்கராசா: அப்ப இது?

கொலின்ஸ்: தக்கை அடைச்சது. திறக்கிற சாமான் வீட்டில இருக்கோ?

சிங்கராசா: ஸ்குறூட்ரைவர் இருக்கு.

கொலின்ஸ்: கடவுளே... திருகுமூடி போட்டதை எடுங்கோ. மூடியால வைனின்ர தரம் குறைஞ்சு போகாது. முதல்ல, ஆர் குடிக்கப்போகினம் எண்டு சொல்லுங்கோ.

சிங்கராசா: மாமிமார் அஞ்சாறு பேர். மாப்பிளையின்ர சித்தப்பா ஒருத்தர், பிரான்சிலயிருந்து வந்து நிக்கிறார். பிறகு... மாப்பிளையின்ர தகப்பன்.

கொலின்ஸ்: மாமிமாருக்கு இந்த இனிப்பு. சித்தப்பாவுக்கு இனிப்பில்லாதது. சாப்பாடு என்ன?

சிங்கராசா: மனிசியின்ர நண்டுக்கறி.

கொலின்ஸ்: அப்ப காசைக் கொட்டாதேங்கோ. எடித் அக்காவின்ர நண்டுக்கறிக்கு முன்னால எந்த வைனும் வாய் திறக்காது. இது நடுத்தரம், இதைக் கொண்டு போங்கோ. ஒருத்தரும் குறை சொல்லாயினம்.

சிங்கராசா: இதில வெறி எத்தினை வீதமெண்டு போட்டிருக்கு? கண்ணாடி கொண்டரேல்ல.

கொலின்ஸ்: பன்னிரண்டரை.

சிங்கராசா: அதிலும் குறைஞ்சது?

கொலின்ஸ்: எட்டு இருக்கு.

சிங்கராசா: அதிலும்...

கொலின்ஸ்: அண்ணை, வைன் வாங்க வந்தனீங்களோ, இருமலுக்குப் பாணி வாங்க வந்தனீங்களோ?

சிங்கராசா: ஒண்டுமே இல்லாதது... நிறம் மட்டும் வைன் மாதிரி... அப்பிடி இருக்கோ?

கொலின்ஸ்: வெறியே இல்லாததோ?

சிங்கராசா: என்னடா அப்பிடிப் பாக்கிறாய்?

கொலின்ஸ்: இருக்கு. வெறியில்லாத வைன். ஆருக்கு?

சிங்கராசா: எனக்கு. பதினாலு மாசம், கொலின்ஸ். மடு மாதாவுக்கு முன்னால எடித்தின்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். ஒரு சொட்டு உள்ள போனால், எனக்கு ஒரு சொட்டோட நிக்காது. என்னை எனக்குத் தெரியும்.

கொலின்ஸ்: நல்ல விசயம்தானே! குடிக்கிறேல்ல எண்டு நேர சொல்லுங்கோவன்.

சிங்கராசா: சொன்னால் ஏனெண்டு கேப்பினம். பிறகு ஊரில விசாரிப்பினம். மீன் சந்தைக்குள்ள விழுந்து கிடந்தது, பிள்ளையின்ர பரிசளிப்பு விழாவில மேடையேறி ஆடினது... எல்லாம் வெளியில வரும். அவள் என்னால பட்டது காணும்.

கொலின்ஸ்: மடியில கனம்... அதுதான் வழியில பயம். சரி, நீங்கள் உங்கட போத்தலில குடியுங்கோ. ஆர் மணந்து பாக்கப்போகினம்?

சிங்கராசா: அங்கதானே சிக்கல்! அவையின்ர குடும்பத்தில ஒரு வழக்கமாம். ரெண்டு தகப்பன்மாரும் ஆளுக்கொரு போத்தல் வைச்சிருப்பினம். அவர் தன்ர போத்தலில எனக்கு ஊத்துவார். நான் என்ர போத்தலில அவருக்கு ஊத்தோணும். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, ஒரே மூச்சில குடிக்கோணுமாம்.

கொலின்ஸ்: அப்ப வெறியில்லாதது உங்களுக்கு என்னத்துக்கு?

சிங்கராசா: எடித் ஒரு கிளாஸில அதை ஊத்தி ஒளிச்சு வைச்சிருப்பா. அவர் எனக்கு நீட்டேக்க என்ர தம்பி மெயின் சுவிச்சை நிப்பாட்டுவான். அந்த நேரம் பாத்து கிளாஸை மாத்திப்போடுவன்.

கொலின்ஸ்: விருந்து எத்தினை மணிக்கு?

சிங்கராசா: பகல் பதினொண்டரைக்கு.

கொலின்ஸ்: பகல் பதினொண்டரைக்குக் கறண்ட் நிண்டால் இருட்டுமோ, அண்ணை?

சிங்கராசா: இருட்டாதோ?

கொலின்ஸ்: ஃபான்தான் நிக்கும்.

சிங்கராசா: அதை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லையடா. அப்ப... சரி, விடு. ஒரு மிடறுதானே. பிள்ளைக்காக ஒரே ஒரு மிடறு. மாதா மன்னிப்பா. அந்தப் பன்னிரண்டரையைச் சுத்தித் தா. மற்றது வேண்டாம்.

கொலின்ஸ்: வேண்டாம், அண்ணை.

சிங்கராசா: என்ன வேண்டாம்?

கொலின்ஸ்: அந்த மிடறு வேண்டாம். உங்களை ஓட்டோவில ஏத்தி எத்தினை நாள் வீட்டை அனுப்பினனான்.

சிங்கராசா: விக்கிறவன் நீயே வேண்டாமெண்டுறியோ? வேற வழி இருந்தால் சொல்லு!

கொலின்ஸ்: மாப்பிளை எந்த இடம்?

சிங்கராசா: விடத்தல்தீவு. வள்ளம் வைச்சிருக்கிற லெம்பேட் சம்மாட்டியின்ர மகன்.

கொலின்ஸ்: லெம்பேட்... இடது கையில ஒரு விரல் இல்லாதவரோ?

சிங்கராசா: ஓம், வலைக்கயிறு அறுத்தது. உனக்கு எப்பிடித் தெரியும்? உன்ர கடைக்கு வாறவரோ?

கொலின்ஸ்: அதைச் சொல்லேலாது, அண்ணை. வாக்குக் குடுத்தனான்.

சிங்கராசா: என்ன வாக்கு? ஐயோ, பெருங்குடிகாரனோ? என்ர பிள்ளையைக் கொண்டுபோய்... எடித் என்னால பட்ட பாட்டை மதுஷிகாவும் அங்க படப்போறாளோ? சொல்லடா!

கொலின்ஸ்: கத்தாதேங்கோ. முதல்ல அந்தப் பன்னிரண்டரையை இங்கால வையுங்கோ. மாமிமாருக்கு இனிப்பு, சித்தப்பாவுக்கு இனிப்பில்லாத அந்த எட்டு வீதம். சம்பந்திக்கு ஊத்த இந்த வெறியில்லாதது.

சிங்கராசா: சம்பந்திக்கோ? விசரே உனக்கு? ஒரு வாயிலயே கண்டுபிடிச்சிடுவார்!

கொலின்ஸ்: கண்டுபிடிச்சால் உங்களைக் கட்டிப்பிடிப்பார். வாக்குப் போனாலும் போகட்டும், நேற்றுக் காலமை வந்து தன்ர பங்குக்கு ஊத்த இதே வெறியில்லாத போத்தலைத்தான் வாங்கினவர், அண்ணை. குடியை விட்டு ஏழு வருசமாம். பொம்பிளையின்ர தகப்பன் ஊத்திற கிளாஸை என்ன செய்யிறதெண்டு என்னட்டக் கேட்டு, இந்த மேசையில கையூண்டி நிண்டு அழுதவர்.