வெள்ளி பூசிய வால்வு

மக்ரிப் நேரம், சூரியன் மறைகிற வேளை. ரமலான் மாதம். சூயஸிலிருந்து தெற்கே போகிற கடலோரச் சாலை... அந்த நேரத்தில் அங்கே ஒரு நாய்கூடத் தென்படாது. பாங்கு சொல்லப் போகிறார்கள் என்றால் லாரிக்காரன்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவான். பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்பவர்களுக்கு விவரம் போதாது. ரமலானில் நடுநிசிக்கு ஊரே விழித்துக்கொண்டு அரட்டை அடிக்கிறது, இதோ நாம் அடிக்கிற மாதிரி. ஆளே இல்லாத நேரம் என்றால் அது நோன்பு திறக்கிற நேரம்தான்.

கிட்ட வந்து உட்காருங்கள். அந்தத் தேநீர்க் கிளாஸை உருட்டாதே, அப்பா.

என் கூட்டாளி சுப்ஹியின் மச்சான் மித்வல்லிக்கு நடந்தது இது. சுப்ஹி புளுகுவான், ஒப்புக்கொள்கிறேன். மித்வல்லி புளுகமாட்டான். அதற்கு வேண்டிய கற்பனை அவனுக்குக் கிடையாது.

அந்தச் சாலையோரம் ஓர் உரத் தொழிற்சாலை. மித்வல்லிக்கு அங்கே வால்வுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவன் தம்பி காபிருக்கு டேங்கர் லாரிகளில் அமோனியா நிரப்புகிற வேலை. பெரிய தொட்டிக்கும் காபிர் நிற்கிற கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு வால்வு. லாரிக்குப் போகிற குழாய் வெடித்தால், ஓடிப்போய் அந்த வால்வின் சக்கரத்தைச் சுற்றி மூட வேண்டும். மூடினால் காபிர் வீட்டுக்குப் போவான். மூடவில்லை என்றால்... நாலு மூச்சில் நெஞ்சு வெந்துபோகும்.

கடல் காற்றோ உப்பு. இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். வாரம் தவறாமல் வால்வின் தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்து வைக்க வேண்டும். சோம்பல் பட்டால் துரு பிடித்து இறுகிவிடும். இது மித்வல்லிக்குத் தெரியாததல்ல. ஆனால் நோன்புப் பெருநாள் முடிந்ததும் பெரிய இடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று இன்ஜினியர் பய்யூமி தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் பெயின்ட் அடி. வெள்ளி மாதிரி மின்னணும்."

"கொட்டகை வால்வு இறுகிப்போச்சு ஐயா. முதல்ல துருவைச் சுரண்டிட்டு..."

"வர்றவங்க கண்ணால பார்க்கத்தான்யா வர்றாங்க. திருப்பிப் பார்க்கவா வர்றாங்க?"

அடித்தான். துருவுக்கு மேலேயே அடித்தான். தூரிகையைக் கழுவும்போது அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெருநாள் கழியட்டும், சரிசெய்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மறுநாள் நோன்பு திறந்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தால்... அந்த ஒரு வால்வில் மட்டும் பெயின்ட் இல்லை. செதில் செதிலாகக் கீழே கிடந்தது. சிவப்புத் துரு ஈரமாகப் பல்லைக் காட்டியது. மறுபடி அடித்தான். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

ஷைத்தான் வேலை என்று ஒருவன் ஆரம்பித்தான். வாசல் காவலாளி அத்வா அவன் வாயை அடைத்தான்.

"ரமலான்ல ஷைத்தானுக்கெல்லாம் அல்லா விலங்கு மாட்டி வெச்சிருப்பான்டா. இது மனுஷன் வேலை. ஆளையும் நான் பார்த்தேன்." மித்வல்லியை நேராகப் பார்த்தான். "உன்னைத்தான் தம்பி. தினமும் பாங்கு சொன்ன கையோட நீதான் அங்க குனிஞ்சு நிக்கிறே."

மித்வல்லிக்கு ரத்தம் தலைக்கேறியது. "கண்ணுல பொரையா உனக்கு? நான் கேன்டீன்ல சோத்துல கை வெச்சிட்டு இருந்தேன். கேட்டுப் பாரு!"

கேட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஆமாம் என்றார்கள். ஆனால் சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பய்யூமி, இன்னொரு தடவை சுரண்டியிருந்தால் அண்ணன் தம்பி இருவரையும் வெளியே தள்ளிவிடுவேன் என்று குதித்தார். அன்றிரவு காபிரே மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே... நெஜமாவே நீ இல்லையே?"

தம்பி வாயிலிருந்து வந்த அந்தக் கேள்விதான் அவனைச் சுட்டது.

அத்வாதான் தன் ஆளை இந்த வேலையில் நுழைக்க நாடகம் ஆடுகிறான் என்று முடிவு கட்டினான் மித்வல்லி. மறுநாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கேன்டீனுக்குப் போகாமல், கொட்டகைத் தூணுக்குப் பின்னால் பதுங்கினான். நிரப்புகிற வேலை நின்றிருந்தது. தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு... பிறகு அமைதி. வாசல் அறையில் அத்வா சூப்பு குடிப்பது நன்றாகத் தெரிந்தது. இருந்த இடத்தை விட்டு அவன் எழவே இல்லை.

யாரும் வரவில்லை.

அப்போது ஒரு சத்தம். டிக்... டிக்... நகத்தால் தகரத்தைக் கீறுகிற மாதிரி. வால்விலிருந்து. மித்வல்லி கிட்டே போனான். பெயின்ட் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கடியில் எதுவோ உப்பி நகர்ந்தது. விரல் வைத்தான். தோல் உரிவது போல் உரிந்து வந்தது. அடியில் குழைந்த துரு. மூக்கைப் பிளக்கிற மூத்திர நெடி.

சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். அசையவில்லை. தொங்கிப் பார்த்தான். ஊஹூம்... பாறை.

சுரண்டுவது யார், எவன் என்ற யோசனையெல்லாம் அந்த நொடியே பறந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் காபிர் இங்கே வந்து நிற்பான், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஸ்பேனரை எடுத்தான். தான் அடித்த பெயின்டைத் தானே சுரண்டினான். மண்ணெண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் மெல்லத் தட்டினான், கண்ணெரிய, அழுதுகொண்டே திருப்பினான். கடைசியில் ஒரு முனகல்... சக்கரம் அசைந்தது. கிரீஸைத் தடவி, முன்னும் பின்னும் சுழல்கிறவரை அவன் விடவில்லை.

கை கழுவப் போனான். அதற்குள் அடுத்த லாரி வந்து, வேலை தொடங்கிவிட்டது.

ஒரு வெடிச் சத்தம். பிறகு நீண்ட சீறல். கொட்டகையையே வெள்ளைப் புகை விழுங்கிவிட்டது. மித்வல்லி ஓடினான். நெருங்க முடியவில்லை. தம்பியின் பேரைச் சொல்லிக் கத்தினான்... சீறல் சன்னமானது. நின்றது. காற்று புகையைக் கடலுக்குத் தள்ளியபோது, முகத்தில் ஈரத் துணியோடு காபிர் இருமிக்கொண்டே வெளியே வந்தான்.

"மூடிட்டேண்ணே... வெண்ணெய் மாதிரி சுத்துச்சு."

மித்வல்லி அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். பய்யூமி வெளிறிப்போய் நின்றார். அவரைத் திட்டக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"இப்பத்தாண்டா சரி பண்ணினேன். நோன்பு திறக்கிற நேரம் பூரா இங்கேயேதான் கெடந்தேன்."

காபிரின் பிடி தளர்ந்தது. ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"என்னண்ணே சொல்றே? என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"

"நானா?"

"வாயே தெறக்காம ஒரு தட்டு பேரீச்சம்பழத்தையும் நீயே தின்னே. கொட்டையோட. 'கடக் கடக்'னு மென்னு... பல்லு ஒடையப் போகுதுன்னு நாங்க எல்லாரும் சிரிச்சோமே."

அங்கே நின்ற ஆட்களைப் பார்த்தான் மித்வல்லி. கேன்டீனில் சாப்பிட்ட அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அத்வா மட்டும் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான்.

காபிருக்குப் பெருநாள் கழிந்து கல்யாணம் ஆனது. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டுத் தட்டு. அண்ணன் என்றால் காபிருக்கு உயிர். ஆனாலும் ரமலான் வந்தால், பாங்கு சொன்ன பிறகும் அவன் நோன்பு திறப்பதில்லை. மித்வல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்... முதல் கொட்டை வெளியே வருகிறவரை.