மேட்டுச்சாலை ஏறிய மின்வண்டி

அவையின் ஆரவாரத்தை ஒற்றைப் புன்னகையால் அடக்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! ஆண்டுகளால் முதிர்ந்தும் ஆர்வத்தால் முதிராத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! வாசலிலேயே நிற்கும் வண்டியோட்டித் தோழர்களே, உள்ளே இடமிருக்கிறது, வாருங்கள்! அனைவருக்கும் என் வணக்கம்.

"சுருக்கமா பேசுங்க" என்று பின்வரிசையில் ஒரு குரல். நேரத்தைச் சுருக்குகிறேன் ஐயா, நெஞ்சில் உள்ளதைச் சுருக்க மாட்டேன்!

எங்கள் தெருவில் ஒரு வேன் ஓட்டுநர். கடைத்தெருவிலிருந்து மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர். பெயர் புகையண்ணன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இவருக்கோ வண்டி வரும் பின்னே, புகை வரும் முன்னே!

அவர் மனைவி சலவைத் தொழில் செய்பவர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மாடியில் உலர்த்துவார். காலையில் பால்வெள்ளை, பிற்பகலில் கரும்புள்ளி! ஒருநாள் மூட்டை அப்படியே திரும்பி வந்தது. "அக்கா, தொவைச்சுதான் அனுப்புனீங்களா? இன்னொரு தடவ இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கச் சொல்றாங்க" என்றாள் கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் பெண். உழைத்தவருக்கு இதைவிட வலிக்கும் அறை உண்டா?

அம்மையார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே கணவரின் வேன். இன்ஜினை அணைக்காமலே அண்ணன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மையார் இறங்கி வந்தார்.

"உங்க வண்டிதாங்க காரணம்."

"ஊர்ல எத்தன வண்டி ஓடுது! என் மேலதான் பழியா?"

அம்மையார் ஈரத் தலையணை உறை ஒன்றைப் புகைக்குழாய்க்கு நேரே பிடித்தார். நடுவில் நிலாப்போல் ஒரு வட்டம். கறுப்பு நிலா!

"இது எந்த ஊரு வண்டி போட்டது?"

அண்ணன் அன்று சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. கடைசியில் வாய் திறந்தார்.

"பேட்டரி வண்டிக்கு மாறுன்னு சொல்லுவ. மேட்டுல பாதியில நின்னுட்டா? பிரசவ வலியில இருக்கிறவள நான் தூக்கிட்டு ஓடுறதா?"

சிரிக்காதீர்கள் தோழர்களே. அது சாக்கு அல்ல, பொறுப்புள்ளவனின் பயம்!

"ஏத்திப் பாருங்க. ஈர மூட்டையோட நானே பின்னாடி ஒக்காருறேன். நின்னா நானே தள்ளுறேன்" என்றார் அம்மையார்.

விற்பவர்கள் சோதனை ஓட்டத்துக்கு ஒரு மின்வேன் தந்தார்கள். ஈர மூட்டைகள், அண்டை வீட்டார், இடுக்கில் அடியேன். மேட்டுச்சாலை வந்தது. அண்ணனின் கழுத்தில் வியர்வை. வளைவு வந்தது. எங்கள் மூச்சு நின்றது, வண்டி நிற்கவில்லை! ஏறியது, சீறாமல் ஏறியது, சிணுங்காமல் ஏறியது, உச்சிவரை ஏறியது!

அந்த அமைதியில், பின்னிருக்கையில் அம்மையார் அண்டை வீட்டுக்காரியிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: "இந்த மனுசன் பிடிவாதக்காரர்தான். ஆனா வண்டியில ஏறுனவங்கள உசுரா பாத்துக்குவார்."

அண்ணன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது; கலங்கியிருந்தது. "இத்தன வருசமா இன்ஜின் சத்தத்துல நீ பின்னாடி என்ன பேசுறன்னே கேட்டதில்ல" என்றார் மெதுவாக.

வண்டி மாறியது. விரிப்புகள் திரும்பி வரவில்லை. அதோ, முதல் வரிசையில் தலை குனிந்து சிரிக்கிறாரே, அவர்தான்! கைதட்டுங்கள், பக்கத்தில் இருக்கும் அம்மையாருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!

தோழர்களே, சந்தைத் திடலோரம் நாளை மின்னேற்று நிலையம் திறக்கிறோம். காற்றுக்கு வேலி உண்டா? உங்கள் வண்டி விடும் புகை, உங்கள் வீட்டுச் சன்னலைத் தட்டாமல் போகுமா? என் பேச்சை நம்ப வேண்டாம். அண்ணன் தம் வண்டிச் சாவியை உங்கள் கையில் தருவார். நீங்களே ஏற்றிப் பாருங்கள், ஏறினால் மாறுங்கள்!

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், இடையில் மணியடிக்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நல்ல காற்றோடு நலமாய் வாழுங்கள். வணக்கம்!