வெளுத்த விஸ்கியின் வெற்றி விழா

விழாவுக்குத் தலைமை ஏற்று, கழுத்தில் மாலையும் கையில் விசிறியுமாக வீற்றிருக்கும் நம் மனமகிழ் மன்றத்தின் தலைவர், ஓய்வுபெற்ற மில் பொறியாளர், அண்ணாச்சி ஹரிஹரசுதன் அவர்களே. அவர் எங்கே தடம் மாறினாலும் முன்வரிசையிலிருந்து ஒரே பார்வையால் திருத்திவிடும் அவருடைய துணைவியார், இன்றைய விழாவின் நாயகி, சுதாராணி அம்மையார் அவர்களே. கடலைமிட்டாய்க்குப் பாகு கிண்டிக் கிண்டியே கை காய்த்துப்போன என் ஆருயிர் நண்பர் பூவனநாதன் அவர்களே. ஒரு சொட்டும் தொடாமலே நம் மதுக்கூடத்துக்கு நீதிபதியாகிவிட்ட இரும்புக்கடை செய்யது அலி பாய் அவர்களே. எட்டயபுரத்திலிருந்தும் புதியம்புத்தூரிலிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கும் பெரியோர்களே. இவன் எப்போது முடிப்பான், இலை எப்போது போடுவார்கள் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. அனைவருக்கும் இம்மன்றத்தின் செயலாளர், தீப்பெட்டி ஆபீஸ் மாயகிருஷ்ணனின் தலை தாழ்ந்த, ஆனால் இன்றைக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்த வணக்கம்.

நெஞ்சு ஏன் நிமிர்ந்தது? வென்றுவிட்டேன், ஐயா. வென்றுவிட்டேன், அம்மா. சட்டமன்றத்தில் அல்ல, சந்தையில் அல்ல, இந்த மன்றத்தின் புல்வெளியில், ஒரு மலிவு விலை விஸ்கியை வைத்துக்கொண்டு வென்றுவிட்டேன்.

தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அதிலும் என் வீட்டு அம்மாள் ஆறுமுகத்தாய் சுளிப்பது தனியாகவே தெரிகிறது. நான் யாரையும் குடிக்கச் சொல்ல வந்தவன் அல்லன். குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். வாழ்க அவர்கள் வையகத்தில் வளமோடு. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஒரு பண்டத்தை வாயில் வைக்கிறவனுக்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமா, வேண்டாமா? குழந்தைக்கு வாங்கும் மிட்டாயில் சொல்ல வேண்டும் என்கிறீர்களே, குழந்தையின் அப்பன் குடிப்பதில் சொல்ல வேண்டாமா?

சரி, அது என்ன விஸ்கி? சொல்கிறேன். ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அங்கே ஈரநிலத்தில் புல்லும் பாசியும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் மக்கி மடிந்து கருத்த மண்ணாகக் கிடக்கிறது. பீட் என்கிறார்கள். நம்முடைய கரிசலுக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கரிசல் பருத்தி விளைவித்தது, கம்பு விளைவித்தது. அவர்கள் கரிசலை வெட்டி எடுத்துக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். அந்தப் புகையிலே பார்லியை வாட்டி, அந்தப் பார்லியிலே விஸ்கி வடிக்கிறார்கள். புகை தானியத்தில் ஏறி, தானியத்திலிருந்து சாராயத்தில் ஏறி, சாராயத்திலிருந்து நம் மூக்கில் ஏறுகிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்தால், அணைந்த அடுப்பில் தூறல் விழுந்த வாசம். நாக்கில் வைத்தால் ஓர் ஓரத்தில் உப்பு, ஓர் ஓரத்தில் இனிப்பு, நடுவில் புகை. அடடா, அந்தப் புகை.

பின்வரிசையில் யாரோ எச்சில் விழுங்குகிறார். பொறுமை, தம்பி.

என் மைத்துனர் முப்பிடாதி மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் விமான நிலையக் கடையின் கீழ்த்தட்டில், விலை குறைந்த வரிசையில் இருந்து எடுத்து வருவார் அந்தப் பாட்டிலை. தலைவர் வைத்திருக்கும் பாட்டிலின் விலையில் பாதிகூட இருக்காது. வெளிறிய வைக்கோல் நிறம். ஆனால் அதன் நெற்றியிலே, 'நிறம் எதுவும் சேர்க்கவில்லை' என்று ஆங்கிலத்தில் பச்சையாக எழுதியிருக்கும். ஏழை வீட்டுப் பிள்ளை, எண்ணெய் தடவாத தலை, பொய் சொல்லாத வாய். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது.

இந்த மன்றத்தில் அதற்கு என்ன மரியாதை கிடைத்தது? கேளுங்கள். மேசையில் வைத்ததும் நம் தலைவர் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "என்னவே இது, சோடா பாட்டில் கழுவுன தண்ணியக் கொண்டாந்து வச்சிருக்கீரு" என்றார். மன்றமே சிரித்தது. பிறகு தன் பாட்டிலைத் தூக்கினார். நல்ல தேக்குமர நிறம். "கலருதான்வே வயசு. வயசுதான்வே ருசி" என்றார். மன்றமே கைதட்டியது. வருஷா வருஷம் இதே சிரிப்பு, இதே கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. விஸ்கியால் அல்ல.

ஏன் எரிந்தது? நான் தீப்பெட்டிக்காரன். தீக்குச்சியின் தலை சிவப்பாக இருக்கிறதே, அந்தச் சிவப்பா பற்றுகிறது? இல்லை, தாய்மார்களே. பற்றுவது மருந்து. சிவப்பு வெறும் சாயம். பச்சைச் சாயம் போட்டாலும் பற்றும். சாயமே போடாவிட்டாலும் பற்றும். சாயத்தை நெருப்பென்று நம்பலாமா? நிறத்தை வயதென்று வணங்கலாமா? கருக்கிய சீனியைக் கலந்து கருப்பாக்கிய விஸ்கியும் உலகத்தில் உண்டு என்று படித்தவன் நான். ஆகவே இந்த வருஷம் தீர்மானம் கொண்டுவந்தேன்: இம்மன்றத்துக்கு வரும் பாட்டில்களில் நிறம் சேர்த்தது எது, சேர்க்காதது எது, தெரியாதது எது என்று பலகையில் எழுதி மாட்ட வேண்டும்.

தலைவர் எழுந்தார். "மாயகிருஷ்ணன், நெறத்த வச்சு எவனையும் ஏமாத்த முடியாதுவே. என்னய ஏமாத்திக் காட்டும், பலகைய ஓட்டுக்கு விடுதேன். முடியலன்னா செயலாளர் பதவிய எழுதிக் குடுத்துட்டு, அந்தப் பாட்டிலையும் தூக்கிட்டுப் போயிரும்" என்றார்.

பதவி என்ன பெரிய பதவி என்று நினைப்பீர்கள். இந்த மன்றத்தின் கூரை ஒழுகியபோது ஏறி நின்று ஓடு மாற்றியவன் நான். இந்தப் புல்வெளிக்குத் தண்ணீர் லாரி பிடித்தவன் நான். தோற்றால் வெளியே போக வேண்டும். கேலியோடு போக வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

சென்ற மாதம், மன்றத்துக்கு வீட்டாரையும் அழைத்து வரும் குடும்ப ஞாயிறு. உங்களில் பலர் இதே புல்வெளியில் இருந்தீர்கள். சமையல் கொட்டகையில் பூவனநாதன் ஒரு கரண்டிச் சீனியை இருப்புச் சட்டியில் போட்டுக் கருக்கினார். கடலைமிட்டாய்ப் பதம் தாண்டி, இனிப்பெல்லாம் செத்து, கரிய மை போல வருகிற பதம் வரை கருக்கினார். என் வெளுத்த விஸ்கியை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினேன். ஒரே பாட்டில், இரண்டு ஜாடி. ஒன்றில் அந்தக் கருக்கலை ஒரு சொட்டு விட்டார். ஒரு சொட்டுத்தான். இதெல்லாம் நியாயமாக நடக்க வேண்டுமே என்று செய்யது அலி பாயை அழைத்திருந்தோம். "நான் தொட மாட்டேன் அண்ணாச்சி. ஆனா கண்ணு எடுக்காமப் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு சொட்டு விழுந்ததும் பாய் அசந்துபோனார். வெளுத்த பிள்ளை வைரமேறிய தேக்காகிவிட்டது. பிறந்த குழந்தைக்கு மீசை முளைத்துவிட்டது.

என்ன அங்கே சத்தம்? என் மீசையா? இதுவும் சாயம்தான், ஐயா. சனிக்கிழமை போட்டது. தீர்மானம் பாட்டிலுக்கு மட்டும்தான், இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

இரண்டு ஜாடிகளையும் தலைவர் முன் வைத்தோம். தலைவர் கருத்த ஜாடியிலிருந்து ஒரு வாய் குடித்தார். கண்களை மேலே செருகினார். "இது பீப்பாய்க்குள்ள பதினெட்டு வருஷம் தூங்குன சரக்குவே. என்னா கனம், என்னா கனிவு" என்றார். வெளுத்ததில் ஒரு வாய். முகம் கோணியது. "இது உம்ம சரக்குதான, தெரியாதா எனக்கு? வெறும் பொக. வேற ஒண்ணுமே கெடையாது" என்றார். பூவனநாதன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தென்னைமரத்துப் பக்கம் போய்விட்டார்.

அத்தோடு விட்டாரா தலைவர்? தன் வெற்றிக்குச் சாட்சி வேண்டும் என்று துணைவியாரை அழைத்தார். "ஏட்டி சுதா, இங்கன வா. ஒம் மூக்கு பொய் சொல்லாது. ரெண்டையும் மோந்து பாத்து இவருக்குச் சொல்லு" என்றார்.

அம்மையார் முந்தானையால் பாதி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இந்த நாத்தத்துக்கு என்னய எதுக்குக் கூப்பிடுதிய" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். மறுபடி முதலாவதை முகர்ந்தார். முந்தானை கீழே இறங்கியது. குளத்தூர்ப் பக்கம் வேலிக்கருவை விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டவர் அம்மையாரின் தந்தை. அந்தப் புகையோடும் உப்பளக் காற்றோடும் வளர்ந்த மூக்கு அது. என்ன சொன்னது தெரியுமா அந்த மூக்கு?

"ரெண்டும் ஒண்ணுதான. எங்கய்யா மூட்டம் பிரிக்கும்போது ஒரு பொக வருமே, அதுதான் ரெண்டுலயும் அடிக்குது. ஒரே மூட்டத்துல அள்ளுன ரெண்டு சாக்குக் கரி மாதிரி இருக்கு. இதுல ஒண்ணு ஒசத்தின்னு யாரு சொன்னா?"

தலைவர், "நாந்தான் சொன்னேன்" என்றார்.

"அப்பம் கண்ண மூடிக்கிட்டு மோந்து பாருங்க."

தலைவர் கண்ணை மூடினார். ஒரு ஜாடி, மறு ஜாடி. நெடுநேரம் முகர்ந்தார். கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தார். "என்னவே பண்ணுனீரு?" என்றார். குரலில் பழைய முழக்கம் இல்லை.

பாய் சொன்னார். "ஒரே பாட்டில் அண்ணாச்சி. ஒண்ணுல மட்டும் கருக்குன சீனி ஒரு சொட்டு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

அந்த நொடியில் எனக்கு வந்ததே ஒரு கர்வம், அதை நான் மறைக்க மாட்டேன். குதிக்கத் தோன்றியது. வேட்டியை மடித்துக் கட்டி ஆடத் தோன்றியது. ஆனால் வெற்றி இன்னும் முழுதாகவில்லை, அன்பர்களே. சாயங்காலம் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. தங்கள் பாட்டிலின் பவிசு போய்விடுமோ என்று பாதிப்பேர் எதிர்த்துக் கை தூக்கினார்கள். பாதிப்பேர் ஆதரித்துக் கை தூக்கினார்கள். சரிக்குச் சரி. மிச்சம் இருந்தது தலைவரின் ஓட்டு. யாரை ஊரார் முன்னே தலைகுனிய வைத்தேனோ அவர் கையில் என் வெற்றி. யாருக்குத்தான் கோபம் வராது? யாருக்குத்தான் பழிவாங்கத் தோன்றாது? முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தலைவர் எழுந்தார். இதோ, இப்போது வேறு பக்கம் பார்க்கிறாரே, இவர்தான் எழுந்தார். "இத்தன வருஷமா நான் கண்ணால குடிச்சிருக்கேன்வே. வாய்க்கும் மூக்குக்கும் வேலையே குடுக்கல. பலகைய எழுதி மாட்டும்" என்று கை தூக்கினார்.

தட்டுங்கள், ஐயா, நன்றாகத் தட்டுங்கள். எனக்கு அல்ல, அந்தக் கைக்கு.

அதோடு நின்றாரா என்றால், இல்லை. கப்பலில் பொறியாளராக இருக்கும் மகன் அருண்பாண்டியன் ஜெர்மனித் துறைமுகத்திலிருந்து போன் செய்தபோது, "ஏலே, நான் குடிக்கிற அதே பாட்டில் அங்கன கடைல இருந்தா, மேல என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக்கூட்டி வாசி" என்று கேட்டிருக்கிறார். மகன் வாசித்தான். அதே பெயர், அதே படம், அதே தேக்கு நிறம். ஆனால் ஒரு வரி அதிகம்: 'நிறம் சேர்த்தது.' அந்த நாட்டில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று சட்டம். நம் கைக்கு வரும் பாட்டிலில் அந்த வரி இல்லை. அங்கே கேட்டார்கள், சொன்னார்கள். இங்கே கேட்கவில்லை, சொல்லவில்லை. இனி இங்கேயும் கேட்போம். மழைக்குக் காத்திருந்து பழகிய ஊர் இது; உண்மைக்கும் காத்திருக்க வேண்டுமா? கோவில்பட்டி கேட்கும். விஸ்கியில் கேட்கும், கேசரியில் கேட்கும், ஜிலேபியில் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்.

மகன் சொன்னதைத் தலைவர் மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அவரே வந்தார். சாக்கட்டி எங்கே என்று கேட்டார். பலகையில் முதல் வரியை யார் எழுதுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் தன் கையாலேயே எழுதிவிட்டு, வேறு யாரும் பார்க்காதபடி துணியைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். செயலாளர் என்ற முறையில் நான் மட்டும் பார்த்தேன். ஐயா, நான் முந்நூறு கூட்டத்தில் பேசியவன் போல் நடிப்பவன். அதைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த வெற்றி உரையில் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சுதாராணி அம்மையார் அவர்களே, மேடைக்கு வாருங்கள். அந்தத் துணியை நீங்கள்தான் விலக்க வேண்டும். உங்கள் மூக்கு தந்த வெற்றி இது. மெதுவாக, அம்மா. ஆணி இன்னும் சரியாக அடிக்கவில்லை.

தெரிகிறதா எல்லோருக்கும்? பின்னால் இருப்பவர்களுக்காக நானே வாசிக்கிறேன்.

'ஹரிஹரசுதன் பாட்டில். நிறம் சேர்த்தது. இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.'

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இலை போட்டாயிற்று, என் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு எல்லோரும் சாப்பிட வாருங்கள்.