ரஸீமா கவிழ்த்துவிட்டுப் போன கோப்பை

மேடையில் வீற்றிருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, போஸ்னா ஆற்றங்கரைக் காப்பிக் கடைக்காரர்களே, துக்கத்திலும் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிய பெரியோர்களே, வணக்கம்!

"அடக்கமாப் பேசுடி ஜெனிதா" என்று அனுப்பியிருக்கிறார் அம்மா. முயல்கிறேன்.

வண்டல் அம்மையார் ரஸீமா ஹாஜிபெகிச் மறைந்து ஒன்பது நாள். குடித்து மிஞ்சிய காப்பி வண்டலை உலர்த்தி, மரத்தூள் கலந்து அழுத்தி, பதினெட்டு வீட்டு அடுப்புகளுக்கு எரிகட்டி தந்தவர் அவர். வாளியோடு கடை கடையாகப் போய்க் கேட்டால், வண்டல் எளிதாகவா கிடைத்தது? குடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, வண்டலில் குறி பார்க்கிற ஊராயிற்றே!

"என் விதியை உன் வாளியில கொட்டணுமா? போ போ!" என்று விரட்டினார், இதோ அமர்ந்திருக்கும் கடைக்காரர் ஹாஸிம் மாமா.

ரஸீமா அத்தை அசரவில்லை. மாமாவின் கோப்பையைத் தாமே திருப்பிக் குறி சொன்னார். "உங்க விதி பயணம் போகுது ஹாஸிம். நாலாவது மாடி. இஸ்மெத் தாத்தா வீட்டு அடுப்பு."

"திரும்பி வருமா?"

"வரும், புகையா."

கடையே சிரித்தது. வாளியும் நிறைந்தது.

என் அரும்பணியையும் மறைக்கமாட்டேன். உலர்த்தும் தட்டில் மிளகாய்த்தூள் தூவினேன். அந்தக் கட்டி எரிந்தபோது இஸ்மெத் தாத்தா வீட்டுப் பூனைகூடத் தும்மியது. அத்தை திட்டினாரா? இல்லை! நடுக்கடையில் என் கோப்பையைத் திருப்பினார். "அடேங்கப்பா! இவ சனிக்கிழமை தவறாம வாளி தூக்கப் போறா!"

அவர் சொன்ன குறிகளில் பலித்தது அது ஒன்றுதான். இரண்டு வருடமாகப் பலிக்கிறது.

ஆனால் ஒன்பது நாளாக வாளி காலி. "செத்தவங்க வாளியில விதியைப் போடலாமா?" என்று கிசுகிசுக்கிறீர்கள். எனக்குக் காது கேட்கும். கையிருப்பில் நான்கு நாளுக்குத்தான் கட்டி. வெளியே பனி கொட்டுகிறது. மிச்சம் பிடிக்க, இஸ்மெத் தாத்தா கோட்டோடு தூங்குகிறார்.

அத்தை கடைசியாகக் குடித்த கோப்பை, கவிழ்த்தது கவிழ்த்தபடியே அவர் சமையலறையில் இருந்தது. தொட எல்லோருக்கும் பயம். எனக்கும்தான். நேற்று திருப்பினேன். என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. அரைக் கரண்டி வண்டல். நன்றாகக் காய்ந்திருந்தது, அவருக்குப் பிடித்த பதத்தில்.

சுரண்டி இந்த வாளியில் போட்டேன். அடியில் அவருடையது கிடக்கிறது. சனிக்கிழமை மட்டுமல்ல, இனி தினமும் இதை நான் தூக்குவேன். சபை சாட்சி!

ஹாஸிம் மாமா, உங்கள் கோப்பை இன்னும் கவிழ்ந்தே இருக்கிறது. அவசரமில்லை, குறி பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிறேன். வாளி உங்களிடமிருந்து தொடங்குகிறது.