மூணு இஞ்சி சைலன்சர்

"சத்தமில்லாத வண்டியில மீன் விக்க ஏலாது தம்பி."

மாத்தளைத் தபால் கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மீன் வியாபாரிதான் அப்படிச் சொன்னார். கூட நின்றவர் அவருடைய டீசல் பிக்கப்பைத் திருத்துகிற மெக்கானிக்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி அவரை 'நானா' என்றே கூப்பிட்டார்.

"பழைய மூணு இஞ்சி சைலன்சர் குழாய் துருப்பிடிச்சிருச்சுன்னுதானே நானா ரெண்டு இஞ்சி போட்டேன். வண்டி இப்ப பூனை மாதிரி போகுது."

"பூனை மாதிரி போனதாலதான் நேத்து தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒருத்தரும் சட்டியோட வெளிய வரல்ல. முந்தி நான் வளைவுல திரும்பும்போதே பொம்பளைங்க ரோட்டுல நிப்பாங்க."

"ஹோர்ன் அடிங்களேன்."

"ஹோர்ன பேக்கரிப் பாண்காரனும் அடிக்கிறான்."

"மூணு இஞ்சி போட்டா செக் பொயின்ட்டுல புடிப்பாங்க நானா."

"இப்பதான் புடிக்கிறாங்க. என் சத்தம் கேட்டாலே தடையத் தூக்குற ஆமிக்காரங்க, நேத்து துவக்க நெஞ்சுக்கு நேரா நீட்டினாங்க. ஐஸ் பெட்டியெல்லாம் எறக்கிப் பார்த்துட்டு, கடைசியில என் மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கிறாங்க, 'நீங்களா முதலாளி'ன்னு."

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கு வண்டியக் கொண்டாங்க. மூணே போடுறேன்."

"பழைய சத்தம் அப்படியே வரணும் தம்பி," என்றார் மீன்காரர். "தெரிஞ்ச சத்தத்த யாரும் சுடமாட்டாங்க."