ரோஸ் கலர் ஜல்லி

இல்லீங்கக்கா, உள்ள எல்லாம் வேணாம். செருப்பு பூரா சேறு. இந்த வராந்தாவுலயே ஒக்காந்துக்குறேன். உங்களப் பாக்க வந்தேன்றத விட உங்க வாசலப் பாக்க வந்தேன்னு வச்சுக்கங்களேன். கேட்டுலருந்து படி வரைக்கும் போட்ருக்கீங்கள்ல, இந்த ரோஸ் கலர் ஜல்லி, இதப் பத்தித்தான் கேக்கணும். பத்து நிமிஷ சோலி. கேட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சிருவேன்.

ஆமா, நாம முன்னப்பின்ன பாத்ததில்ல. கண்மணிம்பாங்க என்னய. பெருமாள்மலைல இருக்கோம். பொறந்த வீடு ஆயக்குடி. அட, மறந்தே போச்சு பாருங்க, இந்தாங்க, கொய்யா. எங்க தோட்டத்துது. வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். குடுங்க, அந்தக் கூடை முடிச்சு உங்களுக்கு வராது, நான் அவுத்து…

அட. அவுத்துட்டீங்களே! ஆயக்குடிக்காரங்களத் தவிர யாருக்கும் அது சட்டுன்னு வராதுங்கக்கா. சுத்திச் சுத்திப் பாத்துட்டு அருவாமனைய எடுத்துட்டு வருவாங்க. நீங்க அந்தச் சின்ன முனையப் புடிச்சு ஒரே இழு. பழக்கம் போல. டவுன் மார்க்கெட்ல வாங்குவீங்களோ? செரி செரி.

நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல. காலேஜ்ல மூணு வருஷமும் கடைசி பெஞ்சுக்கு முந்துன பெஞ்சு. ஒருநா பிரசென்ட் சொல்ல வாய் வராம ஆப்சென்ட் போட்டுட்டாங்க. இன்னைக்குக் கூட பஸ்ஸுல ஜன்னலோரமா ஒக்காந்து மனசுக்குள்ள பேசிப் பேசிப் பாத்துக்கிட்டே வந்தேன். மொத வரி என்ன, ரெண்டாவது வரி என்னன்னு. இங்க வந்து உங்க கல்லு மேல கால வச்சதும் எல்லாம் மறந்துருச்சு. என்னா சத்தம்! நறுக் நறுக்குன்னு. கேட்டைத் தாண்டி நாலு எட்டு வச்சிருப்பேன், யாருன்னு கூட கேக்கல நீங்க. கதவு தொறந்துதான் கெடக்குன்னு உள்ளருந்தே சொன்னீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நம்மளையும் ஒரு வீட்டுல எதிர்பாத்து இருக்காங்களேன்னு. அப்பறம் வெளிய வந்து பாத்தீங்க, யாரு வேணும்னு கேட்டீங்க.

வீட்ட அழகா வச்சிருக்கீங்கக்கா. மழையில கூட செவுத்துல பாசி இல்ல. ரெண்டு ரூம் விடுறீங்களோ? போர்டு பாத்தேன். ஒத்த ஆளா இதெல்லாம் பாத்துக்கறது பெரிய விசயம். கை எப்டி இப்டி வச்சிருக்கீங்க? இங்க பாருங்க எங்கையி. குளுருக்கு வெடிச்சு… செரி, அத விடுங்க. கல்லுக்கு வருவோம்.

எங்க வீடு ரோட்டுக்கு மேல. அறுபது அடி இருக்கும், ஒரே ஏத்தம், மண்ணு. எங்க வீட்டுக்காரரு ஜீப் ஓட்டுறாரு, டூரிஸ்ட் ஜீப்பு. பேரு ஞானவேல். ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. செரி. இல்ல, ரூமுக்கு வர்றவங்களுக்கு ஜீப் சொல்லி விடுவீங்களேன்னு கேட்டேன். மழ பேஞ்சா வண்டி ஏறாதுங்கக்கா. அவரு உள்ள ஒக்காந்து ஆக்சிலேட்டர மிதிப்பாரு, நான் பின்னாடி நின்னு தள்ளணும். சக்கரம் சுத்துற சுத்துல தலையிலருந்து கால் வரைக்கும் சேறு. பக்கத்து வீட்டு வீரம்மாக்கா சிரிக்கும். ஏலே ஞானவேலு, பொண்டாட்டிய நட்டு வச்சிருக்கியா வாசல்லன்னு. நானும் மூணு வருஷமா கேக்குறேன், நாலு லோடு ஜல்லி அடிங்கன்னு. மலைன்னா சேறு இருக்கத்தான் செய்யும், அதுக்குப் போயி எவனாச்சும் செலவழிப்பானாம்பாரு.

அதான் இந்தத் தடவ நானே கெளம்பிட்டேன். எங்கம்மா காதுல கெடந்தத வச்சுக்கோன்னு குடுத்துச்சு. ஜாக்ரஃபி படிச்சவ நானு. மூணு வருஷம் கல்லு மண்ணுன்னு படிச்சது இப்பதான் ஒதவுது. வத்தலக்குண்டு போனேன், பழனி போனேன், கல்லு கொட்டி வச்சிருக்க எடம் ஒண்ணு விடல. கூழாங்கல்லு பாக்க லட்சணமா இருக்கும், ஆனா ஏத்தத்துக்கு ஆகவே ஆகாது. உருண்டை பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காராது, சக்கரம் ஏறுனா எல்லாமா சேந்து கீழ ஓடியாந்துரும். செம்மண்ணு கிராவல் போட்டா ஒரு மழைக்கு ரோட்டுல கெடக்கும். கருப்பு ஜல்லி, முக்கா இஞ்சு, அதுதான் செரியான கல்லு. ஒடச்ச கல்லு, மூலை மூலையா இருக்கும். ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். ஆனா பாக்க ஒரு இதுவும் இல்ல. ரோடு போடுற எடம் மாதிரி இருக்கும்.

உங்களுது வேற. இப்ப தூத்தல்ல பாருங்க எப்டி மின்னுதுன்னு. காஞ்சு கெடந்தா சாதாரணக் கல்லு, வெளிறிப்போன கலரு. நனைஞ்சாத்தான் ரோஸ் எறங்குது, அதுல வெள்ளையா ஒரு ரேகை ஓடுது. யாரோ வெவரமாத்தான் பாத்து எடுத்திருக்காங்க. நம்ம ஊருல முக்காவாசி நாளு மழையும் மஞ்சும் தானே, அதனால கல்ல ஈரத்துல பாத்துத்தான் வாங்கணும். நீங்களே எடுத்தீங்களா? ஓ, ஞாபகம் இல்லையா.

இதுல ஒரே ஒரு கொறை இருக்கு, சொல்லவா? சைசு. அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. ஜீப்பு டயர்ல பட்டன் பட்டனா ரப்பர் தூக்கிக்கிட்டு இருக்குல்ல, அந்த இடுக்குல அளவெடுத்த மாதிரி போயி ஒக்காந்துக்கும். வண்டி ஓடுற வரைக்கும் தெரியாது. எங்கயாச்சும் சேத்துல போயி நின்னு சக்கரம் சுத்துச்சுன்னா அப்ப விழும். அப்டித்தான் எனக்கு மொதக் கல்லு கெடச்சுச்சு.

ஆமா, எங்க வாசல்லதான். நீங்க டீயக் குடிங்கக்கா, ஆறுது. காலைல கோலம் போடலாம்னு சேத்த வழிச்சு விட்டுட்டு இருந்தேன். கருப்புச் சேத்துக்குள்ள ரோஸா ஒண்ணு. கழுவிப் பாத்தேன். எங்க பக்கம் இந்தக் கல்லே கெடையாது. மலையில இருக்கறதெல்லாம் கருங்கல்லு. பொழுது போகாம எடுத்து ஜன்னல்ல வச்சேன். நாலு நா கழிச்சு இன்னொண்ணு. அப்பறம் நானே டயரப் பாக்க ஆரம்பிச்சேன். அவரு குளிக்கப் போற நேரத்துல ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு. சூரிய உதயம் பாக்க டூரிஸ்ட்ட கூட்டிட்டுப் போறேன்னு வெள்ளனே போறாரு பாருங்க, அன்னைக்குத்தான் கல்லு இருக்கும். பழனி சவாரி, தேனி சவாரிக்கெல்லாம் இருக்காது. மேகம் மூடிக்கிட்டு கண்ணு தெரியாத அளவு மஞ்சு எறங்குன அன்னைக்குக் கூட சூரிய உதயத்துக்குப் போயிருக்காரு. அன்னைக்கு மூணு கல்லு.

எந்திரிக்காதீங்கக்கா. அடுப்புல ஒண்ணும் இல்ல, இங்கருந்தே பாத்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரந்தான். நான் சத்தம் போடுறவ இல்ல. எனக்குச் சத்தம் போடவும் வராது.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனப்ப, பாலசமுத்திரத்துல நல்லுசாமின்னு ஒருத்தரு கல்லு யாவாரம் பண்றாரு, அவருகிட்ட இந்தக் கல்லக் காட்டுனேன். பாத்த உடனே சிரிச்சாரு. ஏம்மா, இது எங்க கெடச்சுச்சு, கிரானைட் கம்பெனில அறுத்துப் போட்ட கழிவ ஒடச்சது, தப்பா ஒரு லோடு வந்து எறங்கிருச்சு, ஒரு வருஷமா எவனும் சீண்டல, கடைசில செண்பகனூர்ல ஒரு வீட்டுக்குத்தான் மொத்தமும் போச்சுன்னாரு. எந்த வீடுன்னு கேட்டேன். வாசல்ல செவப்பு கேட்டு, ரெண்டு ரூம் வாடகைக்கு விடுற வீடுன்னாரு. நல்ல மனுசன். எனக்கு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு.

அவரு பாட்டுக்கு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு ஜீப் டிரைவரும் ஒரு அம்மாவும் வந்தாங்களாம். அந்தம்மா வெயிலுக்கு வண்டிக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டாங்களாம். டிரைவருதான் எறங்கி ஒவ்வொரு குமியா ஏறி எறங்கிப் பாத்தாராம். கையில அள்ளி, தண்ணி பாட்டில்ல இருந்து ஊத்தி, நனைச்சு நனைச்சுப் பாத்தாராம். ஒவ்வொண்ணையும் கொண்டு போயி ஜன்னல் வழியா அந்தம்மா கையில குடுத்தாராம். ஒரு மணி நேரம். இப்டி ஒருத்தன் கல்லு வாங்கி நான் பாத்ததே இல்லம்மா, பொண்ணு பாக்கறவன் கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு எதையும் எடுக்கத் தெரியாது. கல்யாணத்துக்கு அப்பறம் ஒரே ஒரு சேல எடுத்துக் குடுத்தாரு. கடைக்காரன் மொதல்ல எடுத்துப் போட்டத அப்டியே கட்டச் சொல்லி வாங்கிட்டு வந்தாரு. பச்ச கலரு. எனக்கு என்ன கலரு புடிக்கும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த மனுசன் வெயில்ல நின்னு கல்ல நனைச்சுப் பாத்திருக்காரு. டயர்ல கல்லு இருந்ததக் கூடத் தாங்கிக்கிட்டேன், நம்புவீங்களா? அந்தத் தண்ணி பாட்டில் தான் முடியல. அது நான் காலைல கொதிக்க வச்சு ஊத்திக் குடுக்குற தண்ணி.

போன மாசம் எங்கம்மா ஒரு கூடை கொய்யா குடுத்து விட்டுச்சு. டூரிஸ்ட்டுங்க தின்னுட்டாங்கன்னாரு. இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்கு முடிச்சவுக்க எப்டி வந்துச்சுன்னு நான் கேக்கல.

எதுக்கு வந்தேன்னா கேக்குறீங்க? நெசமாவே கல்லுக்குத்தான். நல்லுசாமி சொன்னாரு, வேணும்னா அந்தக் கம்பெனில சொல்லி இன்னொரு லோடு இதே கல்லு ஒடச்சுத் தரச் சொல்றேன்னு. ஒரு வாரமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வாசல்லயும் இதே ரோஸ் கல்லப் போட்டுட்டா, டயர்ல இருக்கறது எந்தக் கல்லுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம வாசக் கல்லுதான்னு நெனச்சுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர எடுத்த எடத்துல வச்சுரலாம். நிம்மதியா ஒறங்கலாம். அதான், போட்டா எப்டி இருக்கும்னு ஒரு தடவ நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு பஸ் ஏறுனேன்.

பாத்துட்டேன். ரொம்ப நல்லாருக்கு. அதுனாலதான் வேணாம்.

கருப்பே போட்டுக்குறேன், முக்கா இஞ்சு. ஏத்தத்துக்கு அதுதான் நிக்கும். கருப்புக்கு நடுவுல ஒரு ரோஸ் கல்லு விழுந்தாலும் ஜன்னல்லருந்தே தெரியும். குனிஞ்சு டயர நோண்ட வேண்டியதில்ல. அவருக்கும் தெரியும், நான் பாக்குறேன்னு.

இந்தாங்க. பதினோரு கல்லு, கழுவி வச்சிருக்கேன். உங்க வாசல்லருந்து வந்தது. நானா போட்டுட்டுப் போறேன், நீங்க ஒக்காருங்க. சத்தத்தக் கேக்கணும் எனக்கு.

மழ வலுக்குது, நான் வெரசா கெளம்புறேன். கொய்யாவ நாளைக்குள்ள தின்னுருங்க, நல்லாக் கனிஞ்சது.

ஆங், இன்னொண்ணு. படிக்குப் பக்கத்துல ஒரு மரக்கட்டை கெடக்கே, மஞ்ச நைலான் கயிறு போட்டது. அது எதுக்கு? கேட்டு காத்துல ஆடாம இருக்கவா? ஓ. அது சில்வர் ஓக்கு. எங்க வீட்டுக்குப் பின்னாடி மரம் விழுந்தப்ப அறுத்தது, வண்டி உருளாம டயருக்கு அண்டக் குடுக்க. ரெண்டு கட்டை இருந்துச்சு, ஒண்ணு காணோம்னு அவரே தேடுன மாதிரி நடிச்சாரு. கயிறு நான் கட்டுனது. அந்த முடிச்சப் பாருங்க, கூடைல நீங்க அவுத்தீங்களே, அதே முடிச்சு.

நான் எடுத்துட்டுப் போறேங்கக்கா. கனமெல்லாம் இல்ல, பழக்கந்தான். வண்டில ஹேண்ட் பிரேக் நிக்காது, உங்களுக்கே தெரியும். நாளைக்கு வெள்ளனே வந்து கட்டையத் தேடுவாரு. வீட்ல இருக்குன்னு சொல்லிருங்க.